38 யூரோ டாக்சியும் ஒரு தட்டு பொரித்த பூவும்

டாக்சிக்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆஸ்திரியாவில் கிராட்ஸிலிருந்து க்ளைஸ்டார்ஃப் வரை ரயிலில் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து பண்ணைக்குப் போகத்தான் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பேருந்து ஓடாதாம். நிறுத்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கிடைத்த ஒரே டாக்சியில் மீட்டர் கிடையாது, 38 யூரோ என்று ஒரே பிடி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு! எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. வயிறெரியக் கொடுத்தோம்.

போனது எல்டர்பெரி என்ற புதர்ச்செடியைப் பார்க்க. ஸ்டைரியா மாநிலத்தில் இதைத் தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள், ஊர்ப் பேச்சில் ஹொல்லர். ஜூன் தொடக்கம் என்பதால் செடி முழுக்க வெள்ளைப் பூங்கொத்துகள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது எல்லாம் வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முதலில் அந்தத் தட்டு! பூங்கொத்தைக் காம்போடு மாவில் முக்கிப் பொரித்து, பொடித்த சர்க்கரை தூவித் தருகிறார்கள். நம் பஜ்ஜிதான், இனிப்பாக. காம்பைப் பிடித்துக்கொண்டு பூவை மட்டும் கடிக்க வேண்டும். பொரிக்குமுன் பூவைக் கழுவுவதில்லை. மகரந்தம் போனால் மணமும் போய்விடும், அதனால் உதறிப் பூச்சியை விரட்டுவதோடு சரி. ஒரு தட்டு 7 யூரோ. இரண்டாவது தட்டும் வாங்கினோம், பட்ஜெட்டாவது ஒன்றாவது.

பண்ணைக்கார அம்மா தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பெரும்பாலும் ‘ஹாஷ்பெர்க்’ என்ற ரகம். வியன்னா பக்கத்தில் இருக்கும் க்ளோஸ்டர்நாய்பர்க்கில் தேர்ந்தெடுத்தது. முற்றிய குச்சியை வெட்டி நட்டாலே வேர்விடும். போன வருடக் கிளையில்தான் நன்றாகக் காய்க்கும் என்பதால், காய்த்து ஓய்ந்த கிளைகளைக் குளிர்காலத்தில் கழித்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து கருநீலப் பழங்களைக் கொத்துக் கொத்தாகக் கையால் வெட்டுவார்கள். ஜூஸுக்கும் ஜாமுக்கும் போக, நிறையப் பழம் உணவுக்குச் சாயமாகப் போகிறது. இந்தச் சாயத்துக்குப் பழைய கதை உண்டு: போர்ச்சுகலில் போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்கு நிறமேற்ற இதைக் கலந்து ஏமாற்றினார்கள் என்று, 18ஆம் நூற்றாண்டில் அந்த ஒயின் வரும் டோரோ பள்ளத்தாக்கில் எல்டர்பெரிச் செடிகளையே பிடுங்கச் சொன்னார்கள்.

பழக்காலத்தில் போகிறவர்கள் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள். பச்சையாகத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. வேகவைத்தால்தான் உணவு. இலை, தண்டு பக்கமே போகக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு மருந்து என்று பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள். அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்.

பூ சிரப் மட்டும் வாங்கலாம். பூவையும் எலுமிச்சையையும் சர்க்கரைப் பாகில் சில நாள் ஊறவைத்து வடிகட்டியது. வியன்னாவின் சுற்றுலாக் கடைகளில் வாங்காதீர்கள், கொள்ளை விலை, சூப்பர்மார்க்கெட்டில் பாதிதான். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், பெட்டி போடத் தனிக் காசு. விடுதியிலேயே சோடா கலந்து குடித்துத் தீர்த்தோம்.