கேட் போட்டாச்சு

வட சென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் குட் மார்னிங் படம் போட்டால் திட்டு விழும். 'கேட் போட்டாச்சு', 'கூட்ஸ் நிக்குது', 'தொறந்தாச்சு', இவ்வளவுதான் பேச்சு. ஆரம்பித்து வைத்தது கேட்டோரம் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. கேட் மூடினால் அவருக்குத்தான் வியாபாரம், ஆனாலும் முதல் மெசேஜ் அவரிடமிருந்துதான் வரும்.

ஊர் பூராவுக்கும் இப்படி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. 2015 வெள்ளத்தின்போது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இணைய வரைபடத்தை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் போதும், நிறம் மாறிவிடும். ஆயிரக்கணக்கான தெருக்களை ஜனங்களே குறித்தார்கள். எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், கரண்ட் கிடையாது, போனும் செத்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், வரைபடத்தில் எங்கள் தெரு மட்டும் காய்ந்து கிடக்கிறது!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலும் இந்தக் கூத்துதான். காரில் இருக்கும் போன் குலுங்குவதை வைத்தே ரோட்டுப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க 'ஸ்ட்ரீட் பம்ப்' என்று ஒரு செயலி கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது, காரும் ஸ்மார்ட்போனும் உள்ளவர்கள் போகிற ரோட்டுப் பள்ளம்தானே அதில் ஏறும் என்று. அதனால் 'உங்க பக்கத்துலேர்ந்து புகாரே வரலியே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியே புகார் கொடுத்தாலும் என்ன ஆகிறது? மூடி இல்லாத கால்வாயைப் படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்பினேன், மூன்றாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. குழியில் இன்னமும் வேப்பங்கிளையும் சிவப்புத் துணியும்தான் நிற்கின்றன.

எனக்குப் பிடித்தது கென்யாவின் தலைநகரான நைரோபிக்காரர்கள் செய்த வேலை. அந்த ஊரில் மட்டாட்டு என்கிற தனியார் வேன்தான் பாதிப் பேருக்கு பஸ். கல்லூரி மாணவர்கள் போனோடு அவற்றில் ஏறி இறங்கி, ஒவ்வொரு நிறுத்தமாகக் குறித்தார்கள். 2014-இல் வந்த அந்த வரைபடத்தை நகர நிர்வாகமே எடுத்துக்கொண்டது. யாராவது புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல், இவர்களே வண்டியில் ஏறினார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

நம் ஷேர் ஆட்டோக்களுக்கும் வரைபடம் கிடையாது. சரி, தொடங்குவோமே என்று போன ஞாயிறு திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஒன்றில் ஏறி, நிற்கிற இடத்தையெல்லாம் போனில் குறித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார், சொன்னேன்.

"அப்ப அகஸ்தியான்னே போடு தம்பி."

"தியேட்டரைத்தான் 2020-லேயே மூடிட்டாங்களே, அண்ணே?"

"மூடுனா என்ன? வேற பேரு போட்டா எவன் எறங்குவான்?"

அகஸ்தியா என்றே போட்டிருக்கிறேன்.