யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை. வேன் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே படி இறங்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பம். பக்கவாதத்தில் வலது கை, கால் வராது. பார்த்துக்கொண்டது மகள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க அக்கா" என்று சொல்லி, ஒருமுறை செய்தும் காட்டினேன். "சரிங்க சிஸ்டர்" என்றார்.

அடுத்த முறை போனபோது பாட்டியின் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. சிவந்திருந்த இடத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார் மகள். வலிக்குமே என்ற பாசத்தில் செய்தது. ஆனால் அழுத்தத்தில் ஏற்கெனவே நைந்த தோலைத் தேய்த்தால் இன்னும் சேதமாகும். அதை நான் சொல்லியிருக்கவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர் பகலில் எப்படி வந்து திருப்புவார் என்று கேட்கவும் இல்லை. அந்தப் புண்ணில் என் பங்கு பெரியது.

அன்று பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை. அவர்கள் செய்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் மகள் பாட்டியை வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது தெரிந்தது. அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவும். தூக்குகிறவருக்கும் முதுகு போகும். கூடை சுமந்து நொந்த முதுகு அது. விரிப்பை இருபுறமும் பிடித்து நகர்த்த வைத்தேன். ரவிக்கை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதையெல்லாம் கையால் நாலு தடவை செய்தால்தான் வரும்.

சாப்பாடும் அப்படித்தான். படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டு விடும். நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, முடித்த பிறகும் அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது.

மலைக்கென்றே சில பாடங்கள் உண்டு. நான் பார்த்த கையேடுகளில் அவை இல்லை. குளிருக்கு வெந்நீர்ப் பையை உணர்ச்சி குறைந்த காலில் வைத்து வெந்துபோகிறது. கரி அடுப்பை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அப்புறம் ஆடி மழை. நனைந்த விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. ஈரத்திலேயே படுக்க வைத்தால் தோல் ஊறிப் புண் வரும். பழைய சேலைகளை நாலாக மடித்துத் தைத்து மாற்றிப் போடச் சொல்லித்தந்தது கீழ் லைனில் ஒரு மருமகள். அவரிடம் நான் கற்றுக்கொண்டேன், இப்போது எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

இன்னும் மாறாத ஒன்று இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அறிவுரை சொல்வது பெரும்பாலும் பில் கட்ட வந்த மகனிடம். குழாய் வழியாக மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டு வருவார், பாதி வழியில் மறந்துவிடுவார். வீட்டில் அந்தப் பையைத் தொடப்போவது மருமகள், சில வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பேத்தி. அவர்களை ஒரு நாள் முன்னாலேயே வார்டுக்கு வரச்சொல்லி, ஒரு வேளை ஊட்ட, ஒருமுறை திருப்ப, பையைக் காலி செய்ய அங்கேயே விட வேண்டும் என்று பார்க்கிற டாக்டரிடமெல்லாம் கேட்கிறேன். அன்றைய கூலி போகுமே என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.