கண்ணீர்ப் பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

திருகோணமலையில் கண் வாட்டில் தாதியாகப் பணிபுரியத் தொடங்கிய பின்னர்தான், ஓயாமல் கண்ணீர் வடிவதற்குக் கடற்காற்றையும் மணலையும் குறைசொல்லியே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரிய வந்தது. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் அப்படி வருகிறவர்களில், குறிப்பாக நடுவயதைக் கடந்த பெண்களில், பலருக்குக் கோளாறு மூக்கோரத்தில் இருக்கும். கண்ணீர்ப் பையிலிருந்து மூக்கினுள் இறங்கும் குழாய் அடைபட்டால், தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழ் பிடித்துவிடுகிறது. கண்ணின் உள்மூலையை விரலால் மெல்ல அழுத்தினாலே இமையோரத் துளை வழியாகப் பீளை திரண்டு வரும்.

அடைப்பைக் கண்டறியும் சோதனை எளியது. நுனி மழுங்கிய மெல்லிய ஊசியைக் கீழிமைத் துளையில் நுழைத்துச் சேலைனைச் செலுத்தியபடி, “தொண்டையில உப்புக் கரிக்குதா அம்மா?” என்று கேட்போம். கரித்தால் வழி திறந்திருக்கிறது. அடைப்பென்றால் நீர் மேலிமைத் துளை வழியே திரும்பிவிடும். வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களை இந்தச் சோதனைக்குப் பின் திருப்பி அனுப்ப நேரும்போது உறவினர்கள் கோபப்படுவது இயல்புதான். ஆனால் பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால், கிருமி உள்ளே புகுந்து பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆகவே அந்தக் கோபத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வதும் எங்கள் வேலையே என்று நினைக்கிறேன்.

மூக்கோரம் சிவந்து வீங்கி, வலியோடு வருகிறவர்கள் அன்றைக்கே சத்திரசிகிச்சையை எதிர்பார்ப்பார்கள். அந்த நிலையில் துளைக்குள் ஊசியும் செலுத்துவதில்லை. அன்ரிபயோட்டிக்கும் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து, சீழ்க்கட்டி முனை கண்டிருந்தால் மட்டும் கீறிவிட்டு, அழற்சி தணியக் காத்திருப்போம். இதற்கிடையில் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதைவிட, அடைப்பு இருப்பது எங்கே என்று படம் வரைந்து காட்டுவதே பயன் தருகிறது.

சத்திரசிகிச்சையின் அடிப்படை, இத்தாலிய மருத்துவர் அடேயோ தோத்தி 1904ஆம் ஆண்டில் விவரித்ததுதான்: மூக்கோர எலும்பில் துளையிட்டு, பையிலிருந்து மூக்கினுள் புதுவழி திறப்பது. 1921இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர், பையின் உள்தோலை மூக்கின் உள்தோலோடு சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். இன்று அகநோக்குக் கருவியால், வெளியே தழும்பின்றி, மூக்கின் உள்ளிருந்தே செய்வதும் உண்டு. விறைப்பு ஊசி மட்டும் போட்டுச் செய்யும்போது வலி தெரியாவிட்டாலும் எலும்பைக் கொறிக்கும் ஓசை, பாக்குவெட்டியின் ஓசைபோல, நோயாளியின் தலைக்குள் கேட்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். பின்னர் மூக்குச் சிந்தக் கூடாது. சிலிக்கன் குழாய் வைத்திருந்தால் உள்மூலையில் தெரியும் அதன் வளைவை இழுக்கக் கூடாது.

வயது முதிர்ந்து, நீண்ட சத்திரசிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்குப் பையையே அகற்றிவிடுவதுண்டு. அப்போது சீழ் நின்றாலும் கண்ணீர் வடிவது நிற்காது. இதை, சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன்பே, கூட வந்திருக்கும் மகளையோ மருமகளையோ அருகில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன்.