ஆர்.ஏ. வேலை கிடைத்த பிறகுதான் அலைச்சல் தொடங்கியது

விடுதியில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ரெசிடென்ட் அசிஸ்டென்ட் (ஆர்.ஏ.) வேலை கிடைத்துவிட்டது என்று மார்ச் மாதமே ஊருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அறையும் சாப்பாடும் இலவசம், கையில் சிறிது பணமும் வரும் என்றதும் அப்பாவின் குரலே மாறியது. ஆனால் அந்த வேலையில் சேர முடியுமா முடியாதா என்று ஆகஸ்ட் வரை தவித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் விடுதி நிர்வாக அலுவலகம் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து ஆர்.ஏ. ஆகப் போகிற தம்பி தங்கைகள் இதைப் படித்துவிட்டு அந்த அலுவலகத்துக்குள் நுழையுங்கள்.

நான் படிப்பது ஒஹாயோ மாநிலத்தில், இளநிலை இரண்டாம் ஆண்டு. விண்ணப்பம், குழு நேர்காணல், தனி நேர்காணல் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. இதற்கு முன் இங்கே வேறு வேலை எதுவும் பார்க்காததால் என்னிடம் அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. சம்பளம் வாங்க அது வேண்டும். அதை வாங்க இரண்டு கடிதங்கள் வேண்டும்: ஒன்று வெளிநாட்டு மாணவர் அலுவலகம் தருவது, மற்றது வேலை கொடுப்பவர் தருவது. முதல் கடிதம் கேட்ட மறுநாளே வந்தது. இரண்டாவதுதான் என்னைப் படுத்திய கடிதம்.

கோடை வகுப்புக்காக நான் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தேன். ஜூலை நடுவில் முன்பதிவு செய்து, பக்கத்து நகரத்தில் இருக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். மணிக்கு ஒரு பஸ்தான். கவுண்டரில் இருந்த அம்மையார் கடிதத்தை முழுவதும் படித்தார். பிறகு வேலை தொடங்கும் தேதியின் மேல் பேனா முனையை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் தள்ளித் தொடங்கும் வேலைக்கு விண்ணப்பம் வாங்க முடியாது என்றார். அது விதி, அவர் மேல் தவறில்லை. எங்களுக்குப் பயிற்சி தொடங்குவது ஆகஸ்ட் இரண்டாம் வாரம். வேலையும் அன்றே தொடங்குகிறது. கடிதத்திலோ வகுப்புகள் தொடங்கும் ஆகஸ்ட் கடைசி வாரத் தேதியைப் போட்டிருந்தார்கள்.

தேதியோடு முடியவில்லை. பாஸ்போர்ட்டில் என் பெயர் சண்முகவடிவு, குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர். பல்கலைக்கழகக் கணினியில் கூப்பிடும் பெயர் என்று தனியாக ஓர் இடம் உண்டு. அங்கே வடிவு என்று இருக்கிறது. கடிதத்தில் அந்தப் பெயரைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் கையெழுத்தும் இல்லை. மேற்பார்வையாளரின் பெயரைத் தட்டச்சு செய்து நிறுத்திவிட்டார்கள். கடிதத்தை அம்மையார் வருத்தத்தோடு திருப்பித் தந்தார்.

விடுதி அலுவலகத்துக்குப் போனால், "எல்லோருக்கும் இதே கடிதம்தான் தருகிறோம், யாரும் திரும்பி வந்ததில்லையே" என்று ஊழியர் சொன்னார். உள்நாட்டு மாணவர்களுக்கு இந்தக் கடிதத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அவர்கள் ஏன் திரும்பி வரப் போகிறார்கள்? மாதிரிப் படிவத்தில் கை வைக்கத் தனக்கு அதிகாரமில்லை, பொறுப்பாளர் விடுமுறையில் இருக்கிறார், மின்னஞ்சல் அனுப்பு என்றார். அனுப்பினேன். பதிலே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆர்.ஏ. ஆகி முதலாண்டுப் பிள்ளைகளின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எங்களைத் தேர்ந்தெடுத்த அலுவலகம் இது.

முட்டுக்கட்டையை உடைத்தவர் வெளிநாட்டு மாணவர் ஆலோசகர். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், வேலை என்ன, தொடங்கும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், தொலைபேசி எண், தேதியிட்ட கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு அலுவலகப் பக்கமே போகாமல் நேராக எங்கள் ஹால் டைரக்டரிடம் போனேன். எனக்கு மேற்பார்வையாளர் அவர்தானே. நான் நின்றுகொண்டிருக்கும்போதே தட்டச்சு செய்து, அச்செடுத்து, நீல மையில் கையெழுத்திட்டுத் தந்தார். மறுபடி போனபோது அதே அம்மையார் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

அப்பாடா என்று உட்காரும்போது சம்பளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்: எண் வரும்வரை பயிற்சியில் கலந்துகொள்ளக் கூடாது. இது தவறு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வேலை செய்யலாம் என்று சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே சொல்கிறது. வேலைத் தகுதியைக் காட்டும் ஐ-9 படிவத்துக்கு பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 மூன்றும் போதும். ஆலோசகர் இதை அவர்களுக்கு எழுதிய பிறகு வழிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியைத் தவறவிட்டிருந்தால் என்ன இழந்திருப்பேன் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. பழைய ஆர்.ஏ.க்கள் காலி அறைகளுக்குள் மாணவர்களாக நடிப்பார்கள். நாம் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. என் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்" என்றாள். செய்யக் கூடாது. பாலியல் வன்முறை போன்றவற்றை மேலே தெரிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு. அதை அவள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடிப்பென்று தெரிந்தும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரவு ரோந்தில் யாராவது முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கதவைப் பார்த்தால் உடனே மூட வேண்டும் என்பதையும் அங்கேதான் காரணத்தோடு சொன்னார்கள். 1986-இல் பென்சில்வேனியாவில், லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். கொலையாளி உள்ளே வந்தது அப்படித் திறந்து கிடந்த கதவுகள் வழியாக. வளாகக் குற்றங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அன்றிலிருந்து எந்த முட்டுக்கல்லைப் பார்த்தாலும் என்னால் கடந்து போக முடிவதில்லை.

இனி உங்களுக்கு. கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நகல்கள் செல்லாது, அசல் ஆவணங்களைக் கொண்டுபோங்கள். ஐ-94-ஐ இணையத்திலிருந்து புதிதாக அச்செடுங்கள். மணி நேரக் கணக்கையும் பாருங்கள்: வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்தில் எல்லா வேலையும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கடிதத்தில் இருபதையும் ஆர்.ஏ. வேலைக்கே எழுதிவிட்டால் நூலகத்தில் இன்னொரு வேலை பார்க்க வழியில்லை.

சம்பளச் சீட்டையும் விடாதீர்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் பொதுவாக ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரியும் கிடையாது. என் முதல் சம்பளத்தில் இரண்டையும் பிடித்திருந்தார்கள். சீட்டோடு நேரில் போய்க் கேட்டேன். அடுத்த சம்பளத்தில் முழுத் தொகையும் திரும்பி வந்தது.