60 வினாடி கழிந்தும் விடுபடாத போர்ட்

நாங்கள் பராமரிக்கும் காணொளிச் சேவை ஒன்றில், சி மொழியில் எழுதப்பட்ட சர்வர் ஒன்று 8080ஆம் போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாயிலில்) இயங்கி வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, புதிய பதிப்பை ஏற்றுவதற்காக அதை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியபோது, ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) என்ற பிழையைக் காட்டி அது நின்றுவிட்டது. லினக்ஸில் இது 98ஆம் எண் பிழை. பழைய புரோகிராம் முற்றிலும் முடிந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகும் இதே பிழைதான் வந்தது. ஒரு நிமிடம் கழித்து முயன்றபோது எந்தத் தடையும் இன்றி சர்வர் எழுந்தது.

அந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் விதிமுறையான டிசிபியின் இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ, அந்தப் பக்கத்து சாக்கெட் (பிணையத் தொடர்புக்காகப் புரோகிராம் திறக்கும் முனை) ‘டைம் வெயிட்’ என்னும் நிலைக்குப் போகிறது. தான் கடைசியாக அனுப்பிய ஒப்புகை வழியில் தொலைந்திருந்தால் அதை மறுபடி அனுப்புவதற்காகவும், பழைய இணைப்பின் பாக்கெட் ஏதேனும் தாமதமாக வந்து அதே முகவரியிலும் போர்ட்டிலும் உருவாகும் புதிய இணைப்புக்குள் கலந்துவிடாமல் இருப்பதற்காகவும் இந்தக் காத்திருப்பு தேவைப்படுகிறது. 1981ஆம் ஆண்டின் டிசிபி வரையறைப்படி இது 4 நிமிடம். லினக்ஸில் 60 வினாடி. சர்வரை நாமே நிறுத்தும்போது இணைப்புகளை முதலில் மூடுவது சர்வர்தான் என்பதால், காத்திருப்பும் அதன் பக்கமே வந்து சேர்கிறது.

இதற்கான தீர்வு பழமையானது: சாக்கெட்டைப் போர்ட்டுடன் பிணைக்கும் பைண்ட் அழைப்புக்கு முன் அந்த சாக்கெட்டில் ‘ரீயூஸ் அட்ரஸ்’ என்ற விருப்பத்தை இட வேண்டும். அதைச் சேர்த்தேன். ஆனால் சேர்த்த பின் செய்த முதல் மறுதொடக்கமும் தோற்றதால், சற்று நேரம் என் மாற்றத்தையே சந்தேகித்தேன். லினக்ஸில் புதிய சாக்கெட் மட்டும் அந்த விருப்பத்தைக் கொண்டிருந்தால் போதாது. காத்திருக்கும் பழைய சாக்கெட்டும் அதே விருப்பத்துடன் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறையிலிருந்து சரியாகிவிட்டது. இதற்குப் பதிலாக, ‘டிசிபி ஃபின் டைம்அவுட்’ மதிப்பைக் குறைக்கும்படி பலர் இன்றும் அறிவுரை கூறுகிறார்கள். அது ‘ஃபின் வெயிட் 2’ என்ற வேறொரு நிலைக்கு உரியது. டைம் வெயிட்டின் 60 வினாடி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால் அந்த மதிப்பை எவ்வளவு குறைத்தாலும் இது மாறாது. டைம் வெயிட் சாக்கெட்டுகளை விரைவில் அகற்றும் ‘டிடபிள்யூ ரீசைக்கிள்’ அமைப்போ இதைவிடக் கேடானது: பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே பொது முகவரிக்குப் (நாட்) பின்னால் இருந்த பயனர்களின் இணைப்புகளை அது நிராகரித்து வந்ததால், லினக்ஸ் 4.12இல் நீக்கியே விட்டார்கள்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அதே பிழை மறுபடி வந்தது. இம்முறை ஐந்து நிமிடம் காத்திருந்தும் பயனில்லை. எவ்வளவு நேரம் போனாலும் தீராத பிழைக்கு டைம் வெயிட் காரணமாக இருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் முறையே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன்: ‘எஸ்எஸ்’ கட்டளையைக் கொண்டு, புதிய இணைப்புகளுக்காகக் கேட்கும் நிலையில் உள்ள சாக்கெட்டுகளையும் அவற்றை வைத்திருக்கும் புரோகிராம்களின் பெயர்களையும் பார்த்தேன். 8080ஐ வைத்திருந்தது எங்கள் சர்வர் அல்ல, அது ஏவிவிட்ட, காணொளிகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற புரோகிராம்.

காணொளியை மாற்றுவதற்காக சர்வர் ஒரு துணைப் புரோகிராமைத் தொடங்கும்போது, தாயிடம் திறந்திருக்கும் சாக்கெட்டுகள் எல்லாம் குழந்தைக்கும் போய்ச் சேர்கின்றன. தாய் இறந்தாலும் குழந்தையின் கையில் ஒரு பிரதி இருக்கும்வரை கர்னல் அந்த சாக்கெட்டை மூடுவதில்லை. கேட்கும் நிலையிலேயே உள்ள சாக்கெட்டுக்கு எதிராக ரீயூஸ் அட்ரஸ் விருப்பமும் உதவாது. அதே கட்டளையால் மற்ற இணைப்புகளையும் பார்த்தபோது, ‘குளோஸ் வெயிட்’ நிலையிலும் சில இணைப்புகள் தேங்கியிருந்தன. மறுமுனையில் இருந்தவர் இணைப்பை மூடிவிட்டார், நம் பக்கம் இன்னும் மூடவில்லை என்பதே அந்த நிலையின் பொருள். டைம் வெயிட்டைப் போல அதற்குக் காலக்கெடு கிடையாது. எனவே அந்த நிலையைக் கண்டால் ஏதோ ஒரு புரோகிராம் உயிருடன் சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் அமைப்பில் ‘கில் மோட்’ மதிப்பை நாங்கள் ‘புராசஸ்’ என்று வைத்திருந்தோம். ஆகவே நிறுத்தும்போது தாய் மட்டுமே நின்றது. அதை இயல்பு நிலைக்கு மாற்றினால் குழந்தைகளும் சேர்ந்து நின்றுவிடும் என்றாலும், பாதியில் இருக்கும் காணொளி வேலைகள் வீணாகிவிடும். அந்த மதிப்பை அப்படி வைத்ததே அதற்காகத்தான். ஆகவே கேட்கும் சாக்கெட்டைத் திறக்கும் இடத்திலும், வரும் இணைப்புகளை ஏற்கும் இடத்திலும் ‘குளோஸ் ஆன் எக்ஸெக்’ கொடியைச் சேர்த்தேன்; துணைப் புரோகிராம் தொடங்கும்போது அதன் கையில் உள்ள பிரதியை இது மூடிவிடும். பைதான் 3.4 முதல் இது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. சி மொழியில் நாம்தான் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். இப்போது பழைய எஃப்எஃப்எம்பெக் பின்னணியில் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே புதிய சர்வர் 8080இல் எழுந்துவிடுகிறது.