ஹெட் போகவில்லை, ரப்பர்தான் போச்சு

பழைய வீடியோ டெக்கில் கேசட்டைச் சொருகினால் உள்ளே இழுத்துக்கொள்ளும், நாலைந்து நொடி படம் ஓடும், அப்புறம் தானாக நின்றுவிடும், வெளியே எடுத்தால் கேசட் வாயில் டேப் முழ நீளத்துக்குத் தொங்கும். பரணிலிருந்து இறக்கிய எங்கள் வி.எச்.எஸ். டெக்கும் (வாடகை டெக்கில் விடிய விடிய மூணு படம் பார்த்த தலைமுறைக்கு வி.சி.ஆர். என்றால் டெக்தான்) இதையேதான் செய்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஹெட் (டேப்பிலிருந்து படத்தைப் படிக்கிற பகுதி) போச்சு" என்றார்கள். ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓடி வந்த டேப்பைச் சுருட்ட வேண்டிய ரீல் சுற்றாவிட்டால், டேப் சிக்கிவிடுமே என்று மெஷினே நிறுத்திக்கொள்கிறது. பல டெக்குகளில் அந்த ரீலைச் சுற்றுவது ஐட்லர் என்ற குட்டிச் சக்கரம். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் பிடிமானம் கிடையாது, சறுக்கும். வளையத்தைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டேன், ரீல் சுற்றியது. தற்காலிக வைத்தியம்தான், அளவு பொருந்தும் ஓ-ரிங் கிடைத்ததும் மாற்றிவிட்டேன். பெல்ட்டையும் பாருங்கள். எங்களுடையது தார் மாதிரி உருகி விரலெல்லாம் கறுப்பு.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை பக்கம் கை வேண்டாம், பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்னொன்று, மூடி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது வெயிலோ பளிச்சென்ற விளக்கோ சென்சாரில் பட்டால், டேப் முடிந்துவிட்டதாக நினைத்து டெக் நின்றுவிடும். இது தெரியாவிட்டால் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஹெட்டைத் துடைப்பதில்தான் நிறைய டெக் சாகிறது. பஞ்சு சுற்றிய குச்சி கூடவே கூடாது, இழை மாட்டினால் ஹெட் முனை உடைந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துணியை ஹெட் பொருத்தியிருக்கும் உருளையான டிரம்மில் லேசாக வைத்து, துணியை அசைக்காமல் டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. நம் ஊர் டி.வி. முறையான PAL-க்கான டெக்கில் அந்த டிரம் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது, முனையோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாயும் 2016-இல் நிறுத்திவிட்டது. புது ஹெட்டுக்கு அலைவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவது மேல்.

சரியானதும் முதல் வேலையாகக் கல்யாண கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். போனால் போகட்டும் என்கிற கேசட்டை ஓட்டிப் பாருங்கள். கேசட் ஜன்னலில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை, அது ஹெட்டை அடைப்பதோடு அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். எங்கள் வீட்டில் அப்படிச் சில இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் பண்ணுவதற்கென்றே ஒரு ஓட்டை டெக் தேடுகிறேன், படம் வராவிட்டாலும் பரவாயில்லை, ரீல் சுற்றினால் போதும். யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள்.