இரண்டாவது திரையும் சிவப்பு நூல் கட்டிய கேபிளும்

மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு பக்கம் எழுதியவர் அனுப்பிய மூலப்படி, இன்னொரு பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய பக்கம். கண் இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று தாவிக்கொண்டே இருக்கும். 14 அங்குல லேப்டாப்பில் இரண்டையும் அருகருகே வைத்தால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. பெரிதாக்கினால் ஒன்று மற்றதை மறைக்கிறது. ஆல்ட்-டேப் தட்டித் தட்டி மாறிக்கொண்டிருந்த ஒரு நாளில், ‘அவன் மனம் முறிந்தது’ என்ற வரி ‘அவன் மணம் முறிந்தது’ என்று அச்சாகிவிட்டது. கல்யாணமே ஆகாத கதாநாயகனுக்கு மணமுறிவு! எழுதியவர் நல்லவர், சிரித்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் லேப்டாப்போடு இணைத்துக்கொள்ள 15.6 அங்குலத்தில் ஒரு கையடக்கத் திரை வாங்கினேன். கையடக்கம் என்பது சும்மா பேச்சுக்கு. பையில் போனால் ஒரு தடித்த நாவல் அளவுக்குக் கனக்கும். வந்த அன்றே போன் சார்ஜருடன் வந்த கேபிளை எடுத்துச் செருகினேன். இரண்டு முனையும் யூஎஸ்பி-சி, அச்சாகப் பொருந்துகிறது. திரையில் விளக்கு எரிந்தது, ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வந்தது, அணைந்தது. திரும்ப எரிந்தது, அணைந்தது. ஒரு மணி நேரம் இதே கண்ணாமூச்சி. திரை கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

பக்க வடிவமைப்புச் செய்யும் தம்பிக்குப் போன் போட்டேன்.

“எந்தக் கேபிள் அக்கா?”

“போன் சார்ஜர் கேபிள்தான்.”

“அதுல படம் வராதுக்கா. பெட்டிக்குள்ள அட்டைக்கு அடியில இன்னொண்ணு இருக்கும் பாருங்க.”

இருந்தது. கொஞ்சம் குட்டை, கொஞ்சம் தடிப்பு. செருகியதும் படம் வந்துவிட்டது.

அவன் பிறகு விளக்கினான். யூஎஸ்பி-சி முனைக்குள் 24 தொடுமுனைகள் உண்டு. சார்ஜ் போடுவதற்கென்றே செய்த கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகளும், நொடிக்கு 480 மெகாபிட் போகிற பழைய யூஎஸ்பி 2.0 கம்பிகளும் மட்டும்தான் இருக்கும். படம் போவது வேறு அதிவேகக் கம்பி ஜோடிகளில். அவை அந்தக் கேபிளிலேயே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, அதுதான் வயிற்றெரிச்சல். லேப்டாப்பில் உள்ள ஓட்டைகளும் அப்படித்தான். என்னுடையதில் இரண்டு சி-போர்ட். ஒன்றின் பக்கத்தில் டி எழுத்துக்குள் பி எழுத்து நுழைந்த மாதிரி ஒரு சின்னம் இருக்கிறது. படம் அதில்தான் வரும். சில லேப்டாப்பில் அந்த இடத்தில் மின்னல் குறி போட்டிருப்பார்கள், அது தண்டர்போல்ட் என்கிற அதிவேக போர்ட், அதிலும் வரும். என் இன்னொரு போர்ட் சார்ஜுக்கும் பென் டிரைவுக்கும் மட்டும். திரை வாங்குமுன் இதைப் பார்த்திருக்க வேண்டும். நான் நிறத்தைப் பார்த்தேன்.

எச்டிஎம்ஐ வழியாகவும் இணைக்கலாம், அதற்குச் சின்ன முனை கொண்ட தனிக் கேபிள் வேண்டும். ஆனால் அதில் வருகிற மின்சாரம் பெயருக்குத்தான். திரைக்கு இன்னொரு கம்பியில் தனியாக மின்சாரம் கொடுத்தாக வேண்டும். மேஜையில் நூடுல்ஸ்.

மின்சாரக் கணக்கை நான் முதலில் யோசிக்கவே இல்லை. என் லேப்டாப் பேட்டரி 50 வாட்-மணி. சும்மா படித்துக்கொண்டிருந்தால் சுமார் 10 வாட் இழுக்கும், ஐந்து மணி நேரம் தாங்கும். திரை தன் பங்குக்கு 8 வாட் எடுத்துக்கொண்டால் மூன்று மணி நேரம்கூட நிற்காது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் கொஞ்சம் தேவலை. இப்போது சார்ஜரைத் திரையின் இரண்டாவது போர்ட்டில் செருகிவிடுகிறேன். அது தன் தேவைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை லேப்டாப்புக்குத் தள்ளிவிடும். எல்லாத் திரைக்கும் இந்த வசதி இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். நான் திரையைப் படுக்கை வாக்கில் வைப்பதில்லை, நிமிர்த்தி வைக்கிறேன். அப்போது அகலம் 19 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் 34 சொச்சம். ஒரு டெமி அளவுப் பக்கம், அதாவது நாவல்கள் வழக்கமாக அச்சாகும் புத்தக அளவு, நிஜ அளவிலேயே முழுசாக நிற்கும், மேலும் கீழும் இடம் மிச்சம். பக்கத்தை உருட்டாமல் முழுதாகப் பார்க்கும்போதுதான் தனியாகத் தொங்கும் கடைசி வரியும், தாறுமாறான பத்தி இடைவெளியும் கண்ணில் படும். மூலப்படி லேப்டாப்பில். திருத்துவதெல்லாம் அங்கேதான்; இரண்டாவது திரை பார்ப்பதற்கு மட்டும். மின்னஞ்சலையும் அரட்டையையும் அதில் திறந்து வைத்த நாட்களில் வேலை முன்பைவிடக் குறைவாகத்தான் நடந்தது.

ஒரு சிக்கல் தமிழுக்கே உரியது. இந்தத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள்தான். எழுத்தளவை 100 சதவீதத்தில் விட்டால் மூன்று சுழி ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சுழி ன மாதிரியே தெரியும். எந்தப் பிழையைப் பிடிக்கத் திரை வாங்கினேனோ அதையே திரை ஒளித்துவைக்கிறது! அமைப்பில் 125-க்கு ஏற்றினேன், பக்கத்தையும் நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக்கினேன். மிச்சமிருந்த இடம் அதற்குப் போயிற்று, சுழிகள் பிரிந்தன.

மவுஸ் கதை தனி. போர்ட் போதவில்லை என்று ஒரு ஹப் வாங்கி, கம்பியில்லா மவுஸின் குட்டி ரிசீவரை அதில் செருகினேன். பக்கத்து ஓட்டையில் ஹார்ட் டிஸ்க். கோப்பு நகலாகும்போதெல்லாம் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. பேட்டரி மாற்றினேன், மவுஸையே மாற்றப் போனேன். காரணம் வேறு: ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் வேகமான யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் இரைச்சல், கம்பியில்லா மவுஸ் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினேன், தீர்ந்தது.

திரையோடு வந்த மடிப்பு உறை, தாங்கி என்ற பெயருக்கு லாயக்கில்லை. மேஜையில் கை பட்டால் மெதுவாகச் சரிந்து படுத்துவிடும். ஒரு மடக்குத் தாங்கி தனியாக வாங்கினேன். லேப்டாப்புக்கும் ஒன்று, கூடவே தனிக் கீபோர்டு. இரண்டு திரையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வந்த பிறகுதான் கழுத்து வலி விட்டது. மொத்தத்தில் திரையைவிடத் துணைச் சாமான்கள் பையில் அதிக இடம் பிடிக்கின்றன.

லேப்டாப் மூடியிலேயே இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மாட்டுகிற திரைகளும் வருகின்றன. பார்க்க அழகுதான். அந்தக் கனம் முழுக்கக் கீல் மேல் விழும் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், எல்லா லேப்டாப்பும் இரண்டு வெளித்திரையை ஏற்காது. ஆப்பிளின் எம்1 சிப் மேக்புக் ஏர் ஒன்றைத்தான் நேரடியாக ஏற்கும். வீட்டில் டேப்லெட் இருந்தால் முதலில் அதையே திரையாக்கிப் பார்க்கலாம். ஐபேடும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2019-இலிருந்து இதற்கென்றே சைட்கார் என்ற வசதி இருக்கிறது, செலவில்லை.

கேபிள்கள் கலந்துவிடக் கூடாதென்று படம் வருகிற கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறேன். போன வாரம் வெளியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் பையைத் திறந்தால், நூல் இல்லாத கேபிள். வீட்டில் யாரோ போன் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு, இதை வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒற்றைத் திரையிலேயே 32 பக்கம் பார்த்தேன். மறுநாள் அதே பக்கங்களை இரண்டு திரையில் வைத்துத் திரும்பப் பார்த்தபோது விட்டுப்போன மூன்று பிழை கிடைத்தது. அதில் ஒன்று, மூன்று சுழி.